மாடு வசக்கியவர்களின் பெயர் எங்கே?

சந்தையில் ஒரு சோடி எருது வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பார்க்கிறார். பிறகு சுழி பார்க்கிறார். திமில், குளம்பு, வால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறார். துண்டுக்கு அடியில் கை கோத்து விரலால் விலை பேசுகிறார். எல்லாம் சரிதான். ஆனால் “இதை வசக்கினது யாருங்க?” என்று கேட்பவரைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. நான் விரிவாக்கப் பணிக்கு வந்த புதிதில், 1990களில், கொங்குப் பகுதிச் சந்தைகளில் இந்தக் கேள்வி சாதாரணமாகக் காதில் விழும். இன்னார் கைப்பட்ட மாடு என்று தெரிந்தால், வாங்குபவர் அதிகம் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வசக்குதல் என்பது அப்பகுதியில் வழங்கும் சொல். மற்ற மாவட்டங்களில் பழக்குதல் என்பார்கள். நுகம் அறியாத இளங்காளையை ஏருக்கும் வண்டிக்கும் இசைய வைப்பதே இது. மாட்டை அடக்குவது வேறு, வசக்குவது வேறு. அடக்கிய மாடு அடக்கியவன் எதிரே நிற்கும்வரை அடங்கியிருக்கும். வசக்கிய மாட்டை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்கூட அவிழ்த்துக் கட்டலாம்.

இந்த வேலையில் தேர்ந்தவர்கள் ஊருக்கு ஒருவரோ, பத்து ஊருக்கு ஒருவரோ இருந்தார்கள். சிலர் சிறு விவசாயிகள். பலர் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத பண்ணையாட்கள். கொங்குப் பகுதியில் கவலை இறைத்தவர்களிலும், அதற்கு வேண்டிய தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர்களிலும் பெரும்பகுதியினர் அருந்ததியர் குடும்பத்தினர். மாட்டோடு நாள் முழுவதும் நின்றவர்கள் அவர்கள். மாடு நன்றாக உழுதால் பெயர் உடையவருக்குப் போகும். “பண்ணைக்காரர் எருது” என்றுதான் ஊர் சொல்லும். பழக்கியவருக்குக் கிடைத்தது கொஞ்சம் தானியம், ஒரு வேட்டி, சில வேளைச் சாப்பாடு. தென்னாட்டு மாட்டினங்களைப் பற்றி 1909இல் கன் என்பவரும், 1936இல் லிட்டில்வுட் என்பவரும் எழுதிய நூல்கள் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கைநூல்களாக உள்ளன. இனத்தின் நிறமும் கொம்பின் வளைவும் உடல் அளவும் தெரிய வேண்டுமானால் பார்க்க நூல் இருக்கிறது. அந்த மாடுகளைப் பழக்கிய மனிதர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் யாரைக் கேட்பது? அவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

தாராபுரம் பக்கத்தில் அப்படி ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் இல்லை. தம் பெயர் பத்திரிகையில் வருவதை விரும்பியிருக்க மாட்டார் என்பதால் எழுதவில்லை. இரண்டு பல் போட்ட காளையைத்தான் அவர் கையில் எடுப்பார். அதற்குமுன் கழுத்து எலும்பும் கால் மூட்டும் பாரம் தாங்கத் தேறியிருக்காது என்பார். காயடித்த புண்ணும் மூக்குக் குத்திய புண்ணும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் நுகத்தடியைக் கொண்டுவந்து கட்டுத்தறியருகே போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். காளை முதலில் விலகும். பிறகு முகர்ந்து பார்க்கும், நக்கிப் பார்க்கும். இரண்டாம் மூன்றாம் நாள் கழுத்தில் வைப்பார், உடனே எடுப்பார். அதன்பின் வயதான ஒரு எருதோடு இணை பூட்டுவார். அந்தக் கிழ எருதுதான் உண்மையான வாத்தியார் என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க விடுவார். பிறகு தரிசில் வெறும் கலப்பை. வண்டி கடைசியில்தான்.

வண்டி ஏன் கடைசியில் என்பதற்கு விஞ்ஞானம் விடை சொல்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. ஆகவே ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கடகடவென்று ஒன்று துரத்திக்கொண்டே வந்தால் புல் மேயும் பிராணி ஓடத்தான் செய்யும். புலிக்கும் ஓநாய்க்கும் தப்பிப் பிழைத்த இனத்தின் வழக்கம் அது. அதைத் திமிர் என்று எண்ணிச் சாட்டையை எடுத்தால், துரத்துவதும் அடிப்பதும் ஒன்றுதான் என்ற எண்ணம் மாட்டுக்கு உறுதியாகிவிடும். முரட்டு மாடு என்று அடிமாட்டு வியாபாரியிடம் போகும் எருதுகளில் எத்தனை இப்படி முரடானவையோ!

அவர் கயிறு பிடிப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். தலைக்கயிற்றை மெல்ல இழுப்பார். காளை அசையாது. இழுப்பைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். காளை எப்போது ஒரு கால் எடுத்து வைக்கிறதோ, அந்தக் கணமே கயிறு தொய்ந்துவிடும். “இழுக்கறது எல்லாருக்கும் வருமுங்க தம்பி. விடறதுக்குத்தான் பழகோணும்” என்று ஒருமுறை சொன்னார். விலங்கு நடத்தை இயலில் இது இன்று பாடமாக உள்ளது. தனக்குப் பிடிக்காத அழுத்தம் எந்தச் செய்கையின்போது நீங்குகிறதோ, அந்தச் செய்கையை விலங்கு மீண்டும் செய்யும். கயிற்றைச் சற்றுத் தாமதித்து விட்டாலும் பயனில்லை, ஏன் விட்டோம் என்பது அதற்குத் தெரியாது. பட்டப் படிப்பில் நாங்கள் ஆங்கிலத்தில் படித்ததை அந்த மனிதர் விரல் நுனியில் வைத்திருந்தார்.

படுத்துக்கொள்ளும் எருதுக்கு அவர் செய்த வைத்தியத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏரில் பூட்டியதும் முன்னங்காலை மடித்துப் படுத்துவிடும் எருதுகள் உண்டு. வாலை முறுக்குவார்கள், கடிப்பார்கள், அடியில் வைக்கோலைக் கொளுத்துபவர்களும் உண்டு. அப்படியும் எழாவிட்டால் சலித்துப்போய் நுகத்தைக் கழற்றிவிடுவார்கள். எருது என்ன கற்றுக்கொள்கிறது? சற்று நேரம் வலியைத் தாங்கிப் படுத்திருந்தால் நுகம் போய்விடும் என்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் படுக்கும். பெரியவரிடம் அப்படி ஒரு எருது வந்தது. முதலில் அவர் கழுத்தைத் தடவி, நுகம் உரசிய புண் இருக்கிறதா என்று பார்த்தார். குளம்பைத் தட்டிப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் பூட்டினார். படுத்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை, நுகத்தைக் கழற்றவும் இல்லை. இணை மாடு நின்று அசை போட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படுத்த எருது தானாக எழுந்தது. இரண்டு அடி நடத்தினார், உடனே கழற்றிவிட்டுத் தண்ணீர் காட்டினார். அன்றைய வேலை அவ்வளவுதான்! மறுநாள் பத்து அடி. ஒரு வாரத்துக்குள் சால் பிடித்து உழுதது. எழுந்து நடந்தால்தான் நுகம் இறங்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, அரை நாள் கூலி வீணாகிறதே என்றுதான் தோன்றும்.

பம்புசெட் பரவுவதற்கு முன் கொங்குப் பகுதிக் கிணறுகளில் நடந்த கவலை இறைப்பை எண்ணிப் பார்த்தால் இந்த மனிதர்களின் திறமை இன்னும் விளங்கும். கிணற்றிலிருந்து சரிவாக மண் வெட்டிய பாதை இருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, சால் நீரோடு மேலே வரும். இறங்கும்போது ஆள் வடத்தின் மீது ஏறி உட்கார்ந்து தம் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். நீர் கொட்டியதும் எருதுகள் முகம் திரும்புவதில்லை. அப்படியே பின்னோக்கி நடந்து சரிவேறிக் கிணற்றடிக்கு வரவேண்டும். மாட்டுக்குத் தெரியாத திசை பின்புறம் என்று மேலே சொன்னேன். அந்தத் திசையில், ஆழக் கிணறு இருக்கும் பக்கமாக, ஓட்டுபவரின் குரலை மட்டும் நம்பிக் காலெடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை! அடித்துப் பழக்கிய மாடு இதைச் செய்யாது. குரலைக் கேட்டாலே பதறும் மாடு அந்தக் குரலை நம்பி எப்படிப் பின்வாங்கும்?

எல்லா இனத்துக்கும் ஒரே கைப்பழக்கம் உதவாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மலையில் பட்டி போட்டு வளரும் பர்கூர் மாடு மனிதர்களைக் கண்டு கூசும், வேகம் மிக்கது. அதை வசக்கக் கூடுதல் நாள் வேண்டும். காவிரி வடிநிலத்து உம்பளச்சேரி எருது சேற்றில் உழைக்கப் பிறந்தது. கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்ந்த காங்கயம் காளை, பழகிவிட்டால் சொன்னதைக் கேட்கும். வலத்து மாடு எது, இடத்து மாடு எது என்று முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைப்பார்கள். நடையும் மூச்சும் பொருந்தாத சோடியைச் சேர்க்க மாட்டார்கள். விலை மலிவு என்று நாம் தனித்தனியே வாங்கிக் கட்டும் சோடிகளில் பாதி, ஒன்று இழுக்க ஒன்று தொங்கவே வாழ்நாளைக் கழிக்கின்றன.

குதிரையிலும் இதே நிலைதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மாடுகளோடு குதிரைகளும் வரும். மேளத்துக்கு ஏற்பக் காலெடுத்து வைக்கும் குதிரையைக் கூட்டம் மொய்த்து நின்று பார்க்கும். குதிரையின் பெயரையும் விலையையும் எல்லோரும் சொல்வார்கள். கயிறு பிடித்து நிற்பவரின் பெயரைக் கேட்டால் தெரியாது. ஓசூர் மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்கு வேண்டிய குதிரைகளுக்காகத் தோன்றியது. 200 ஆண்டுகளில் அங்கே எத்தனை கைகள் குதிரைகளைப் பழக்கியிருக்கும்! 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும் மட்டக்குதிரையுமாக 3.4 லட்சமே இருந்தன. 2012இல் இருந்ததைவிட இது 45 சதவீதத்துக்கு மேல் குறைவு. குதிரை குறையும்போது பழக்குபவரும் குறைவது இயல்பு. ஆனால் குதிரை எண்ணிக்கைக்காவது ஒரு கணக்கெடுப்பு உண்டு.

இது உலகெங்கும் உள்ள வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஒரிகன் மாநிலத்தில், மாட்டுப் பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்த சகோதரர்கள் பில் டாரன்ஸ், டாம் டாரன்ஸ். மூத்தவர் 1906 முதல் 1999 வரையும் இளையவர் 1910 முதல் 2003 வரையும் வாழ்ந்தனர். பேராசிரியர்கள் அல்லர், மாடு மேய்க்கக் குதிரை ஏறியவர்கள். இளங்குதிரை மீது சேணத்தைக் கட்டி, அது துள்ளித் துள்ளி ஓயும்வரை ஏறி அமர்ந்து ஒடுக்குவதே அங்கே வழக்கமாக இருந்தது. இவர்கள் அதை விட்டு, குதிரைக்கு யோசிக்க நேரம் கொடுத்து, சரியானதைச் செய்த நொடியில் பிடியைத் தளர்த்தும் முறையைக் கைக்கொண்டார்கள். டாமிடம் கற்ற ரே ஹன்ட் (1929–2009) ஊர் ஊராகச் சென்று அதைச் சொல்லிக்கொடுத்தார். ரே ஹன்ட் 1978இலும், டாம் 1987இலும், பில் 1999இலும் நூல் வெளியிட்டார்கள். அவர்கள் வழியில் வந்த பக் பிரானமன் என்பவரைப் பற்றி 2011இல் முழு நீள ஆவணப்படமே வந்தது. குதிரை வைத்திருக்கும் அப்பகுதிக் குடும்பங்கள் இவர்கள் பெயரை மரியாதையோடு நினைக்கின்றன. கயிற்றை விடத் தெரிய வேண்டும் என்று தாராபுரம் பெரியவர் சொன்னதற்கும் அவர்கள் சொன்னதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவர்களைச் சுற்றி எழுதி வைப்பவர்கள் இருந்தார்கள். இவரைச் சுற்றி இல்லை.

டிராக்டர் காலத்தில் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பெரிய உழவு மீண்டும் எருதுக்குத் திரும்பும் என்று நான் நம்பவில்லை, திரும்ப வேண்டும் என்று வாதாடவும் இல்லை. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர்தான். கால் ஏக்கர் கத்தரிக் கொல்லையிலும், சரிவான மானாவாரியிலும், பயிர் நிற்கும்போது இடையுழவு செய்யவும் ஒரு சோடி எருது இன்றும் கைகொடுக்கிறது. எருது கிடைத்தாலும் ஓட்ட ஆள் இல்லை என்பதே பல ஊர்களில் நான் கேட்கும் குறை.

எருது இல்லாத வீட்டுக்கும் இந்த அறிவு தேவை. கலப்பினக் கிடாரி முதல் கன்று ஈன்றதும் உதைக்கிறது என்று காலைக் கட்டி, இருவர் பிடித்துக்கொண்டு கறக்கிறோம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. மடியில் பால் இருந்தும் காம்பில் வராது. தீவனத்தைக் குறை சொல்வோம், மருந்து ஊசியைத் தேடுவோம். ஈனுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் மடியையும் தொடையையும் தடவி, அசையாமல் நின்றால் கையை எடுத்து, உதறினால் கையை எடுக்காமல் பொறுத்து நின்றால் போதும். எருது வசக்கியவர் கயிற்றில் செய்ததை இங்கே உள்ளங்கையால் செய்கிறோம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வந்த விதிகள், இழுவை மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கின்றன. முள் வைத்த கோலைப் பயன்படுத்துவதையும் தடை செய்கின்றன. நல்ல விதிகள். ஆனால் தார்க்குச்சி இல்லாமல் மாட்டை நடத்துவது எப்படி என்று விதி கற்றுத்தராது. கற்றுத்தரக் கூடியவர்களை நாம் எங்கும் அழைத்து உட்கார வைக்கவில்லை.

ரேக்ளா இருக்கிறதே என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் தடுத்து, 2017இல் மாநிலச் சட்டத் திருத்தம் வந்து, 2023இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டபின் ரேக்ளாவுக்கு உற்சாகம் கூடியிருக்கிறது. காங்கயம் கன்றுகளுக்கு விலை வந்திருக்கிறது, அதில் மகிழ்ச்சியே. எனினும் 200 மீட்டரும் 300 மீட்டரும் பாய்ந்து ஓடப் பழக்குவது ஒன்று, நாளெல்லாம் சீராக நடக்கப் பழக்குவது மற்றொன்று. ரேக்ளாவில் பேர் போன சில மாடுகள் ஏரில் பூட்டினால் நிலத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடும்!

நான் கேட்பது பெரிய திட்டமோ மானியமோ அல்ல. உங்கள் ஊரில் மாடு வசக்கிய பெரியவர் ஒருவர் இன்னும் இருந்தால் அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அவரால் இப்போது காளையோடு ஓட முடியாது, திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியும். வீட்டுப் பிள்ளைகளின் கையில் கைபேசி இருக்கிறது. அவர் பேசுவதையும், முடிச்சுப் போடும் விதத்தையும், மாட்டைக் கூப்பிடும் குரலையும் பதிவு செய்து வைக்கட்டும். வேளாண் அறிவியல் நிலையங்கள் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சி நடத்தும்போது ஒரு வேளை வகுப்பை அவருக்குக் கொடுக்கலாம். எங்களைப் போன்ற விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும், சால்வையோடு அனுப்பிவிடக்கூடாது. இளங்காளை வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை உழவு ஓய்ந்ததும் மார்கழிக் குளிர்ச்சியில் ஒரு காளையை அவர் பார்வையில் ஒரு வாலிபனைக் கொண்டு பழக்கலாம். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் காளையும் கற்காது. மாடு விற்கும்போது எழுதும் சீட்டில் நிறம், பல், விலை, சாட்சி எல்லாம் எழுதுகிறோம். அதில் வசக்கியவர் பெயரையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.